பாத்ரூமை உடைக்கும் முன்

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் ஓரிடத்தில் உட்கார்ந்தால், பேச்சு எங்கெங்கோ சுற்றிவிட்டுக் கடைசியில் சர்க்கரை, பிரஷர், பென்ஷன் என்ற மூன்றில் வந்து நிற்கும். இப்போது நாலாவதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. "பாத்ரூமை உடைச்சுட்டுப் புதுசாப் பண்ணிடலாம்னு பையன் சொல்றான்." காலை நடை முடிந்து டீக்கடை பெஞ்சில் உட்காரும் எங்கள் தஞ்சாவூர்க் கூட்டத்தில் மட்டும், கடந்த இரண்டு வருடத்தில் நாலு வீடுகளில் இந்த வேலை நடந்துவிட்டது.

காரணம் இல்லாமல் இல்லை. எண்பதுகளில் கடன் போட்டுக் கட்டிய வீடுகள் எல்லாவற்றிலும் பாத்ரூம் ஏறக்குறைய ஒரே மாதிரிதான். மொசைக் தரை, இடுப்பு உயரத்துக்கு வெள்ளை டைல்ஸ், அதற்கு மேலே பச்சையிலோ நீலத்திலோ ஆயில் பெயிண்ட், ராணிப்பேட்டையிலிருந்து வந்த பாரிவேர் பீங்கான், பாதி உடைந்த லூவர் கண்ணாடி, கீழ்ப்பக்கம் தகரம் அடித்த மரக்கதவு, ஒரு நாற்பது வாட்ஸ் குண்டு பல்பு. முப்பத்தைந்து வருடம் போர் தண்ணீர் பட்டுப் பட்டு, டைல்ஸ் எல்லாம் வெள்ளைப் பூத்துப்போய், மூலைகளில் பாசி படிந்து, குழாய்கள் உப்புக் கட்டி நிற்கின்றன. விருந்தாளி வந்தால் பாத்ரூம் எங்கே என்று கேட்டுவிடுவாரோ என்று மனசு பதறுகிறது.

ஆகவே புதுப்பிக்க வேண்டியதுதான். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. எதற்காகப் புதுப்பிக்கிறோம், பணத்தை எதில் முதலில் போடுகிறோம் என்பதில்தான் எனக்கு ஒரு அபிப்பிராயம் இருக்கிறது. அறுபத்தைந்தைத் தாண்டியவர்கள் இருக்கும் வீட்டில், முதல் ரூபாய் வழுக்காத தரைக்குப் போக வேண்டும். அடுத்த ரூபாய் கைப்பிடிக்கு. அதற்கடுத்தது வெளிச்சத்துக்கு. மிச்சம் இருந்தால் அழகுக்கு. இந்த வரிசையில் செலவு செய்தால் பாத்ரூமை உடைக்கவே வேண்டியிராது. கையில் இருக்கும் காசும் போதும்.

எங்கள் பெஞ்சில் ஒருவர் இருந்தார். இருந்தார் என்று எழுதுவதால் பயந்துவிட வேண்டாம். ஆள் நன்றாகத்தான் இருக்கிறார், பெஞ்சுக்குத்தான் வருவதில்லை. மகன் அனுப்பிய இரண்டு லட்சத்தில் பாத்ரூமை முழுக்க உடைத்துக் கட்டினார். சுவர் கூரை வரை டைல்ஸ். தரையும் அதே மினுமினுப்பில், முகம் பார்க்கலாம் போல. எங்களை எல்லாம் வீட்டுக்குக் கூப்பிட்டுக் காட்டினார். மூன்றாவது மாதம் ஒரு சனிக்கிழமை, எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு எழுந்தவர் கால் வழுக்கி விழுந்தார். பிடித்துக்கொள்ளச் சுவரில் ஒன்றும் இல்லை. இடுப்பு எலும்பில் ஆபரேஷன். இன்று வாக்கரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார். குளிப்பாட்டி விட ஒரு ஆள் வந்து போகிறார். டைல்ஸ் இன்றும் பளபளவென்றுதான் இருக்கிறது.

அவரைப் பார்த்துவிட்டு வந்த அன்று என் மனைவி சொன்னாள்: "என்னங்க, குளிக்கிற அரைமணி நேரம்தான் நமக்குன்னு கதவைச் சாத்திக்கிட்டு இருக்கிற நேரம். அதுக்கும் இன்னொருத்தர் கை வேணும்னு ஆயிடக் கூடாது." எனக்கு இதைவிடச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. நம் வயதில் பாத்ரூம் என்பது நம் சுதந்திரம் மிச்சமிருக்கும் கடைசி அறை.

எங்கள் வீட்டு பாத்ரூம் ஏழுக்கு ஐந்து அடி. முழுக்க உடைத்துக் கட்ட ஒரு காண்ட்ராக்டர் எழுதிக் கொடுத்த எஸ்டிமேட் 1,65,000 ரூபாய். நாங்கள் ஒதுக்கியிருந்தது 25,000. போன வருடம் ஆடி மாதத்தில், கொத்தனாருக்கு வேலை குறைவாக இருந்த சமயமாகப் பார்த்து முடித்தோம். ஆன செலவு 21,000. என்னென்ன செய்தோம் என்று சொல்கிறேன். உங்கள் ஊரில் விலை கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம்.

முதலில் தரை. மொசைக் தரை நல்ல தரைதான். ஆனால் சோப்பும் எண்ணெயும் பட்டால் வழுக்கும். அதை உடைக்காமல், அதன் மேலேயே சொரசொரப்பான டைல்ஸ் ஒட்டலாம். இதற்குச் சிமெண்ட் கலவை வேண்டாம். மூட்டையில் வரும் டைல் பசை போதும். வழவழப்பில் பசை பிடிக்காது என்பதால் மொசைக்கை உளியால் பொட்டுப் பொட்டாகக் கொத்திவிட்டுத்தான் ஒட்ட வேண்டும். அதற்கு முன், ஒரு கட்டையால் தரை முழுக்கத் தட்டிப் பாருங்கள். எங்காவது பொள்ளல் சத்தம் கேட்டால் அந்த இடத்தை மட்டும் பெயர்த்துச் சரிசெய்ய வேண்டும். தரை ஏறக்குறைய அரை அங்குலம் உயரும். உயர்ந்த பிறகும் வெளித் தரையைவிட பாத்ரூம் தரை தாழ்ந்தே இருக்குமா என்று முதலிலேயே அளந்துகொள்ளுங்கள். இல்லையென்றால் தண்ணீர் அறைக்குள் வந்துவிடும்.

டைல்ஸ் வாங்கும்போது படத்தைப் பார்த்து வாங்காதீர்கள். கடையில் ஒரு துண்டைக் கீழே வைத்து, அதன் மேல் தண்ணீர் ஊற்றி, கொஞ்சம் சோப்புத் தடவி, கால் கட்டைவிரலால் தேய்த்துப் பாருங்கள். கடைக்காரர் சிரிப்பார், சிரிக்கட்டும். பெரிய டைல்ஸைவிடச் சின்ன டைல்ஸ் நல்லது. இணைப்புக் கோடுகள் அதிகமாக இருந்தால் காலுக்குப் பிடிப்பும் அதிகம். ரொம்பவும் முரடாக இருந்தால் அழுக்கு தங்கும், தேய்த்துக் கழுவுவது கஷ்டம். நடுத்தரமாகப் பார்த்து எடுங்கள். குஜராத்தில் மோர்பியிலிருந்து லாரி லாரியாக வரும் சாதாரண டைல்ஸே போதும். எங்கள் நாற்பது சதுர அடிக்கு 1,800 ரூபாய் ஆனது. பசை இரண்டு மூட்டை 1,300. கொத்தனாரும் சித்தாளும் இரண்டு நாள், 3,600.

வாட்டம் சரியாக இருக்கிறதா என்பதைக் கூலி கொடுக்கும் முன்பே பார்த்துவிட வேண்டும். டைல்ஸ் காய்ந்த பிறகு கதவோரம் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றுங்கள். முழுத் தண்ணீரும் ஜாலியைத் தேடிப் போக வேண்டும். எங்காவது குட்டையாகத் தேங்கினால் நாளைக்கு அங்கேதான் பாசி பிடிக்கும், அங்கேதான் கால் வழுக்கும்.

இரண்டாவது கைப்பிடி. மூன்று போட்டோம். டாய்லெட் பக்கத்துச் சுவரில் ஒன்று, குளிக்கும் இடத்தில் ஒன்று, கதவை ஒட்டி ஒன்று. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், ஒன்று 800 ரூபாய். துண்டு போடும் கம்பியைக் கைப்பிடி என்று நினைத்துவிடாதீர்கள். ஆள் எடையைத் தாங்க அது செய்யப்படவில்லை, பிடித்து இழுத்தால் கையோடு வந்துவிடும். ரப்பர் கிண்ணத்தால் சுவரில் ஒட்டிக்கொள்ளும் கைப்பிடிகளையும் நம்ப வேண்டாம். ஈரத்தில் எப்போது கழன்று வரும் என்று சொல்ல முடியாது. சுவரில் துளை போட்டு, செங்கல்லுக்குள் ஆழமாக இறங்கும் போல்ட்டால்தான் முடுக்க வேண்டும். உயரம் தரையிலிருந்து 33 முதல் 36 அங்குலம் என்பது பொதுக் கணக்கு. ஆனாலும் அதை உபயோகிக்கப் போகிறவரை அங்கே உட்கார வைத்து, எழ வைத்து, கை தானாக எங்கே போகிறது என்று பார்த்துக் குறி போடுவதுதான் சரி. என் மனைவிக்குச் சரியான உயரமும் எனக்குச் சரியான உயரமும் வேறாக இருந்தன. முழங்கால் வலி அவளுக்குத்தான் என்பதால் அவள் குறியே நின்றது.

இதோடு காசு அதிகம் ஆகாத இன்னொரு வேலையும் செய்தோம். குளிக்கும் இடத்தில் ஒன்றரை அடி உயரத்துக்குச் செங்கல்லால் ஒரு சின்ன மேடை கட்டி, மிஞ்சிய டைல்ஸை அதன் மேல் ஒட்டினோம். வாளி இப்போது அந்த மேடை மேல் இருக்கிறது. குனிந்து குனிந்து மொண்டு ஊற்றும்போதுதான் பலருக்குத் தலை சுற்றுகிறது. எதிரே நாலு கால் உள்ள கனமான ஸ்டூல் ஒன்று. மூன்று கால் பிளாஸ்டிக் முக்காலி ஈரத்தில் சாய்ந்துவிடும். இந்தியன் டாய்லெட்டை மாற்றப் பணம் இல்லாத வீடுகளில், அதன் மேல் நிறுத்தி உட்காரும்படியான நாற்காலி மருந்துக்கடைகளில் கிடைக்கிறது. வெஸ்டர்ன் தாழ்வாக இருந்தால் அதன் மேலே பொருத்தும் உயரமான சீட்டும் உண்டு.

மூன்றாவது வெளிச்சம். இளமையில் நமக்குப் போதுமாக இருந்த வெளிச்சம் இந்த வயதில் போதாது. கண்புரை வேறு இருந்தால் கேட்கவே வேண்டாம். குண்டு பல்பை எடுத்துவிட்டு, கண்ணில் நேராக அடிக்காத எல்.ஈ.டி. விளக்கு இரண்டு போட்டோம். 500 ரூபாய். சுவிட்ச் பாத்ரூமுக்கு வெளியே, கை போகும் இடத்தில். வெள்ளைச் சுவரில் வெள்ளைக் கைப்பிடி கண்ணுக்குத் தெரியாது, அதனால் கைப்பிடிகளின் இரு பக்கமும் கரு நீல டைல்ஸ் துண்டு ஒட்டினோம். பார்ப்பவர்கள் டிசைன் என்று நினைக்கிறார்கள்.

மின்சாரம் பற்றியும் சொல்ல வேண்டும். பழைய வீடுகளில் கீசர் மட்டும் பிறகு வந்து சேர்ந்திருக்கும், எர்த் சரியாக இருக்காது. 30 மில்லி ஆம்பியரில் விழும் ஆர்.சி.சி.பி. ஒன்றை எலக்ட்ரீஷியனை விட்டுப் பொருத்தச் சொல்லுங்கள். 1,700 ரூபாய் ஆனது. மின்கசிவு ஏற்பட்டால் கண் இமைக்கும் நேரத்தில் மின்சாரத்தைத் துண்டித்துவிடும். அதில் 'டெஸ்ட்' என்று ஒரு பொத்தான் இருக்கும். மாதம் ஒரு முறை அழுத்திப் பாருங்கள். விழவில்லை என்றால் அது வேலை செய்யவில்லை என்று அர்த்தம்.

கதவு. இதைப் பெரும்பாலோர் யோசிப்பதே இல்லை. நம் பாத்ரூம் கதவுகள் உள்பக்கம் திறப்பவை. உள்ளே ஒருவர் மயங்கிக் கதவை அடைத்தாற்போல் விழுந்துவிட்டால், வெளியே இருப்பவர்கள் திறக்க முடியாது. அடிமரம் உளுத்த பழைய கதவை எடுத்துவிட்டு, வெளிப்பக்கம் திறக்கும்படி 3,000 ரூபாய்க்கு பிவிசி கதவு போட்டோம். தாழ்ப்பாள், வெளியிலிருந்து ஒரு நாணயத்தை வைத்துத் திருப்பினால் திறக்கும் வகை.

இனி அழகு. பழைய டைல்ஸின் பாதி அழகு உப்புக் கறைக்கு அடியில்தான் ஒளிந்திருக்கிறது. போர் தண்ணீரில் உள்ள சுண்ணாம்புச் சத்துதான் அந்த வெள்ளைக் கறை. புளிப்புக்கு அது கரையும். பித்தளைப் பாத்திரத்துக்கு நம் அம்மாக்கள் புளி போட்டுத் தேய்த்தது இதே புளிப்பின் வேலைதான். எலுமிச்சை உப்பு என்று விற்கும் சிட்ரிக் ஆசிட்டை வெந்நீரில் கரைத்து, சுவர் டைல்ஸில் தடவிப் பத்து நிமிடம் ஊற வைத்துத் தேய்த்துக் கழுவினால் போதும். கடையில் விற்கும் கடுமையான ஆசிட்டை ஊற்றாதீர்கள். அது கறையோடு டைல்ஸ் இணைப்பில் உள்ள சிமெண்டையும் அரிக்கும். மொசைக்கில் எந்த ஆசிட்டுமே கூடாது, எலுமிச்சை உப்பும்தான். மொசைக் என்பது பளிங்குச் சில்லும் சிமெண்டும், இரண்டையும் புளிப்பு தின்றுவிடும். இன்னொன்று, ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒருபோதும் சேர்க்காதீர்கள். மூச்சை அடைக்கும் குளோரின் வாயு கிளம்பும். சின்ன அறையில், கதவைச் சாத்திக்கொண்டு, நம் வயதில், அது உயிருக்கே ஆபத்து.

கறை போன பிறகு இணைப்புகளைச் சுரண்டிவிட்டுப் புதிதாக ஜாயிண்ட் பவுடர் வைத்தோம். எலுமிச்சை உப்பு, பிரஷ் எல்லாம் சேர்த்து 600 ரூபாய்தான். ஆனால் சுவர் புதுசு போல் ஆனதற்குக் காரணம் அதுதான். டைல்ஸ் பழசாகத் தெரிவதைவிட அதன் கோடுகள் கறுப்பதால்தான் பாத்ரூம் பழசாகத் தெரிகிறது. உடைந்திருந்த டைல்ஸுக்கு அதே வெள்ளை கிடைக்கவில்லை. கடைகளில் மிச்சம் மீதியாகக் கிடக்கும் டைல்ஸைச் சல்லிசாகத் தருவார்கள். கைப்பிடிக்கு வாங்கிய அதே கரு நீலத்தில் ஒரு வரிசை ஓட்டிவிட்டோம். மேல்சுவரில் பழைய பச்சையைச் சுரண்டிவிட்டு வெளிர் மஞ்சள், ஆளோடு சேர்த்து 2,000. எக்ஸாஸ்ட் ஃபேன் 1,400. ஈரம் காயாத அறையில் எந்தப் பெயிண்டும் நிற்காது என்பதால் அது அவசியம். பழைய பித்தளைக் குழாய்களை விடவே இல்லை. உள்ளே தேய்ந்ததை மாற்றி, மேலே திருகுக்குப் பதில் நீளமான கைப்பிடி வைத்ததற்கு 900. விரல் மூட்டு வலிப்பவர்களும் உள்ளங்கையால் தள்ளித் திறக்கலாம். பிளம்பர், எலக்ட்ரீஷியன் கூலி 1,800.

உடைத்தே ஆக வேண்டிய வீடுகளும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் இறங்கினால், பக்கத்து அறைச் சுவர் ஓதம் காத்துப் பெயிண்ட் உரிந்தால், மேலே டைல்ஸ் ஒட்டி ஒரு பிரயோஜனமும் இல்லை. சுவருக்குள் போகும் பழைய இரும்புக் குழாய் துருப்பிடித்துவிட்டாலும் அப்படித்தான். அங்கே உடைத்து, குழாயை மாற்றி, நீர்க்கசிவுத் தடுப்புப் பூசித்தான் தீர வேண்டும். ஆனால் கசிவு இல்லாத பாத்ரூமை, டிசைன் பழசு என்பதற்காக மட்டும் உடைப்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. பதினைந்து நாள் தூசியும் சத்தமும், அதுவரை பக்கத்து வீட்டில் போய்க் குளிப்பதும் நம் உடம்புக்கு ஆகிற காரியமா?

பணம்கூடப் பெரிய தடை இல்லை. கைப்பிடி என்றதும் நம்மில் பலருக்கு முகம் சுண்டிவிடுகிறது. அதுதான் பெரிய தடை. "எனக்கென்ன அவ்வளவு வயசா ஆயிடுச்சு?", "ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும்", "பார்க்கிறவங்க என்ன நினைப்பாங்க?" இந்த மூன்றையும் எங்கள் பெஞ்சிலேயே கேட்டிருக்கிறேன். ரயிலில் மேல் படுக்கைக்கு ஏறக் கம்பி இருக்கிறது. பஸ்ஸில் நிற்பவர்களுக்குக் கம்பி இருக்கிறது. மாடிப்படிக்குக் கைப்பிடிச் சுவர் இருக்கிறது. அதையெல்லாம் இருபது வயதுப் பிள்ளைகளும்தான் பிடித்துக்கொள்கிறார்கள். யாரும் கௌரவக் குறைவாக நினைப்பதில்லை. ஈரத் தரையில், வெறுங்காலோடு, கண்ணாடி இல்லாமல் நிற்கும் இடத்தில் மட்டும் ஏன் கூச்சம்?

வெளியூரில், வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. அப்பா அம்மாவுக்கு நல்லது செய்ய வேண்டும் என்றுதான் பணம் அனுப்புகிறீர்கள், தெரியும். ஆனால் போட்டோவில் பார்த்து டைல்ஸைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அடுத்த முறை ஊருக்கு வரும்போது அம்மா எப்படி எழுந்திருக்கிறார், எதைப் பிடித்துக்கொள்கிறார் என்று ஒரு நாள் கவனியுங்கள். தண்ணீர்க் குழாயையோ, கதவு விளிம்பையோ, வாஷ்பேசினையோ பிடித்துக்கொள்கிறார் என்றால் அங்கேதான் கைப்பிடி வர வேண்டும். அதைக் கவனிக்கக் காண்ட்ராக்டருக்குத் தெரியாது. உங்களுக்குத்தான் தெரியும்.

இதைப் படிக்கும் நண்பர்களுக்குக் கடைசியாக ஒன்று. கொத்தனாருக்கு போன் போடும் முன், இன்று ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு, வீட்டில் ஒருவரைத் துணைக்கு வெளியே நிற்க வைத்துக்கொண்டு, கண்ணாடியைக் கழற்றிவிட்டு உங்கள் பாத்ரூமுக்குள் போய் நில்லுங்கள். கால் எங்கே தயங்குகிறது, கை எதைத் தேடுகிறது, கண் எதைக் காணாமல் தடுமாறுகிறது என்று பாருங்கள். வெளியே வந்து அந்த மூன்றையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் எஸ்டிமேட் அதுதான்.